பிரித்தறியும் நீரோட்டம்

குவிப்பது எளிது, பிரிப்பதுதான் அரிது. களத்துமேட்டில் நெல்லைக் குவிப்பதற்குக் கையும் கூடையும் போதும். நெல்லையும் பதரையும் வேறாக்கக் காற்றின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். முறத்தைப் பிடிக்கும் பக்குவமும் வேண்டும். இந்தப் பக்குவத்தை நம் மக்கள் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு நம் மொழியே சான்று. காற்றில் விடுவதைத் தூற்றுதல் என்றும், முறத்தில் தட்டி எடுப்பதைப் புடைத்தல் என்றும், குலுக்கி ஒதுக்குவதைக் கொழித்தல் என்றும், சல்லடையில் இடுவதைச் சலித்தல் என்றும், நீரிலிட்டுச் சுழற்றிக் கல்லை நீக்குவதை அரித்தல் என்றும் தனித்தனியே பெயரிட்டு வழங்கினர். பொற்கொல்லர் வீதியின் புழுதியை வாரி நீரில் அலசிப் பொன் துகளைத் தேடி எடுப்போருக்கு அரிப்புக்காரர் என்றே பெயர் அமைந்தது.

அந்த அரிப்புக்காரரின் கலைதான் இன்று ஆராய்ச்சிச் சாலையில், கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத துகள்களையும், பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளையும் பிரித்தறியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியின் வரலாற்றைச் சொல்ல வந்த நான், அதை மேலைநாட்டு ஆராய்ச்சிச் சாலையில் தொடங்காமல், திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தின் சுற்றுவட்டாரத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

கழக்கூட்டத்துக்கு வடக்கே, மகாகவி குமாரன் ஆசான் வாழ்ந்த தோன்னய்க்கல் இருக்கிறது. அங்கே நிலத்தைத் தோண்டினால் வெண்களிமண் கிடைக்கிறது. சில கல் தொலைவில் கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் ஊர். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் அங்கிருந்துதான் எழுந்தது. தெற்கே கொச்சுவேளியில் கரையோர மணலிலிருந்து வெள்ளைச் சாயப்பொடி செய்யும் டைட்டானியம் தொழிற்சாலை. இன்னும் வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறையும், தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் கருமணலுக்குப் பெயர் பெற்றவை. களிமண், ராக்கெட், சாயம், கருமணல் என்று இவை வெவ்வேறு தொழில்களாகத் தோன்றினாலும் இவற்றின் அடியில் ஓடும் வினா ஒன்றே. கலந்து கிடக்கும் துகள்களை எப்படிப் பிரிப்பது? பிரிந்தவை ஒரே அளவினதா என்று எப்படி அறிவது?

இக்கடற்கரையில் முதன்முதல் அரிப்புக்காரராக விளங்கியது கடலே எனலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் மழையாலும் வெயிலாலும் சிதைந்து, ஆறுகளின் வழியே மணலாகக் கடலை அடைந்தன. அம்மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் வெண்மணல். அதன் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ 2.65 மடங்கு. இல்மனைட், சிர்க்கான், மோனசைட் முதலிய கனிமங்களோ நீரைப் போல் நாலரை முதல் ஐந்து மடங்கு அடர்ந்தவை. மழைக்காலத்து அலை கரையில் ஏறும்போது எல்லாவற்றையும் வாரி வருகிறது. திரும்பும்போது அதற்கு அவ்வளவு வலிமை இல்லை. ஆகவே இலேசான மணலை இழுத்துக்கொண்டு, கனத்த மணலைக் கரையிலேயே விட்டுச் செல்கிறது. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் நடந்த இந்த வேலையின் பயனாகவே கரையில் கருமணல் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது.

அதைக் கண்டவர் பலர். அதன் விலையை அறிந்தவர் எவரும் இல்லை. தேங்காய் மட்டையைக் காயலில் ஊறவைத்து, அடித்து, நாரெடுத்து, கரையில் உலர்த்திக் கயிறு திரித்த பெண்களுக்கு அது நாரில் ஒட்டும் தூசி. அந்தக் கயிறு திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி ஜெர்மனிக்குப் போயிற்று. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர், கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். மோனசைட் என்ற பெயர் 'தனித்திருத்தல்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் நம் கரையில் அது தனித்திருக்கவில்லை. நாலைந்து கனிமங்களோடு கலந்தே கிடந்தது.

அக்காலத்தில் மோனசைட்டுக்கு ஏன் அத்தனை தேவை? ஆஸ்திரிய அறிஞர் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் அமைத்த வாயு விளக்கின் வலைத்திரிதான் காரணம். தோரியம் ஆக்சைடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும், சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் சேர்ந்த அந்த வலை, சுடரில் வெண்ணொளி வீசியது. நம்மூர்த் திருமண ஊர்வலங்களில் இரைந்துகொண்டு வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மாண்டில்' அதன் வழி வந்ததே. அதுவரை பிரேசில் நாட்டு மணலே உலகச் சந்தையில் கோலோச்சியது. திருவிதாங்கூர் மோனசைட்டிலோ தோரியம் அதனினும் மிகுதி. ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் பிரிப்பு ஆலை நிறுவினார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் கை விலகிற்று. ஆலைகள் ஆங்கிலேயக் கம்பெனிகளின் வசமாயின. வாயு விளக்கு மங்கி மின்விளக்கு ஓங்கியபோது, 1922 முதல் இல்மனைட் ஏற்றுமதி தலையெடுத்தது. வெள்ளைச் சாயத்துக்கு வேண்டிய டைட்டானியம் அதில் இருந்தது.

மணல் பிரிப்பு ஆலையின் உள்ளே நடப்பதைச் சற்று நுணுகிக் காண்போம். பின்னால் வரப்போகும் விஞ்ஞானத்துக்கு அதுவே திறவுகோல். மணலை நீரோடு கரைத்துச் சாய்ந்த மேசை மீதோ, திருகுபோல் சுற்றி இறங்கும் வாய்க்கால் வழியாகவோ விடுகிறார்கள். ஓடும் நீரின் அடிப்படலம், தளத்தோடு உராய்வதால் மெல்ல நகர்கிறது. மேல்படலம் விரைந்து ஓடுகிறது. கனத்த மணிகள் அமிழ்ந்து அடிப்படலத்தில் தங்குகின்றன. இலேசானவை மேல்படலத்தில் மிதந்து முந்திச் செல்கின்றன. அதாவது, கனத்தைக் கனமின்மையிலிருந்து பிரிப்பது நீர் மட்டுமன்று. அடியிலும் மேலிலும் நீரின் வேகம் வேறுபடுவதே பிரிக்கிறது. அதன்பின் உலர்த்திய மணலைக் காந்தத்தின் முன் செலுத்தினால் இல்மனைட் வலுவாக ஈர்க்கப்படும், மோனசைட் மெலிவாக ஈர்க்கப்படும், சிர்க்கானும் ரூட்டைலும் அசையா. மின்புலத்தில் செலுத்தினால் மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும், கடத்தாத சிர்க்கான் மறுபக்கமும் விழும். கனம், காந்தம், மின்சாரம் ஆகிய மூன்று முறங்களால் புடைத்த பிறகே மணல் விலை பெறுகிறது.

விலை பெற்ற மணல் அரசியலையும் அசைத்தது. 1945ஆம் ஆண்டில் அணுகுண்டு வெடித்த பின், தோரியம் விளக்குத்திரிச் சரக்கு என்ற நிலை மாறி அணுசக்திச் சரக்காயிற்று. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர், சமஸ்தானம் தனிநாடாக விளங்கும் என்று அறிவித்தபோது, அந்தத் துணிவுக்குப் பின்னே கரையோரத் தோரியமும் ஒரு காரணமாக நின்றது. ஜூலை இறுதியில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய இசைந்தது. 1948இல் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றி, 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலையைத் தொடங்கியது. கொச்சுவேளியின் டைட்டானியம் தொழிற்சாலை 1951இல் உற்பத்தியில் இறங்கியது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது மணவாளக்குறிச்சி சென்னை மாநிலத்துக்கும் சவறை கேரளத்துக்கும் உரியவாயின. 1960களின் நடுவில் இரண்டிடத்து மணற்பிரிப்பும் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. மண் நம்முடையதாக இருந்த காலத்திலும், பிரிக்கும் அறிவு பிறர் கையில் இருந்தவரை ஆதாயம் பிறருக்கே போயிற்று என்பது இவ்வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

இனி, துகள் சிறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதைக் காண்போம். 1851இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் ஒரு விதியை வகுத்தார். நீரில் அமிழும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது அதன் சாரம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள குவார்ட்ஸ் மணி நொடிக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அமிழும். அதனை நூறில் ஒரு பங்காகச் சிறுக்கச் செய்து, ஒரு மைக்ரான் அளவாக்கினால், அது ஒரு மணி நேரத்தில் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். தோன்னய்க்கல் வெண்களிமண்ணின் நயமான பகுதி இரண்டு மைக்ரானுக்கும் குறைந்த துகள்களால் ஆனது. அதனால்தான் களிமண்ணை நீரில் கரைத்தால் மணல் உடனே அடியில் தங்க, களி நெடுநேரம் பால்போல் நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டே களிமண்ணைச் சுத்தி செய்கிறார்கள்.

இன்னும் பத்தில் ஒரு பங்காகக் குறைப்போம். நூறு நானோமீட்டர் விட்டமுள்ள துகள் ஒரு நாள் முழுவதும் அமிழ்ந்து கடப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே ஒரு நாளில், நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால் அது அங்குமிங்கும் அலைந்து விலகும் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. இவ்வலைச்சலை 1827இல் ராபர்ட் பிரவுன் என்னும் தாவர நூலறிஞர் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்கு வகுத்தார். சிறு துகள் மிகுதியாக அலையும், பெருந்துகள் குறைவாக அலையும் என்று காட்டினார். ஆகவே இந்த எல்லையில் புவியீர்ப்பு என்னும் முறம் பயனற்றுப் போகிறது. ஒருபுறம் அது துகளைக் கீழே இழுக்க, மறுபுறம் அலைச்சல் அதைக் கலைத்துவிடுகிறது. வீட்டில் முறத்தைப் பிடித்துக்கொண்டு சூறைக்காற்றில் நிற்பவர் நிலைதான்.

அறிஞர்கள் இருவழியில் முயன்றனர். சுவீடன் நாட்டு ஸ்வெட்பெர்க் 1920களில் அதிவேகச் சுழற்சி யந்திரம் அமைத்துப் புவியீர்ப்பைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கினார். 1926இல் நோபல் பரிசு பெற்றார். ரஷிய அறிஞர் ஸ்வெட் 1906இல் விளக்கிய குரோமட்டோகிராபி முறையோ, பொடி நிரப்பிய குழாயின் வழியே கலவையைச் செலுத்திப் பிரித்தது. இதற்கிடையே 1920இல் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மானியர், ரப்பர் முதலியவை ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த மிகநீண்ட மூலக்கூறுகள் என்ற கொள்கையை வெளியிட்டார். நெடுங்காலம் எதிர்ப்புக்குள்ளான அக்கொள்கைக்காக அவருக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. சங்கிலிகள் எல்லாம் ஒரே நீளம் உடையவை அல்ல என்பது தெரிந்ததும், அவற்றை நீளவாரியாகப் பிரிக்க வேண்டிய தேவை எழுந்தது. 1964இல் மூர் என்பவர் நுண்துளை மணிகள் நிரப்பிய குழாயைக் கொண்டு அதைச் சாதித்தார். ஆனால் குழாயில் நிரப்பிய மணிகளே அதற்கு இடையூறும் ஆயின. மிகப்பெரிய மூலக்கூறுகள் மணிகளிடையே சிக்கும், அறுபடும், ஒட்டிக்கொள்ளும். துகள்கள் வழியையே அடைத்துவிடும்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் கிடிங்ஸ் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். குழாயில் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. வெறும் ஓட்டமே போதும் என்றார் அவர். கிடிங்ஸ் மலையாறுகளில் சிறு படகு செலுத்துவதில் பேரார்வம் கொண்டவர். ஆற்றின் நடுவே நீர் விரையும், கரையோரம் தயங்கும் என்பதைத் துடுப்பால் அறிந்தவர் என்று சொன்னால் தவறாகாது. அவர் காட்டிய வழி இது. இரு தட்டுகளுக்கிடையே அரை மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளி விட்டு, ஒரு சாண் நீளமுள்ள வாய்க்கால் அமைக்க வேண்டும். அதில் நீர் ஓடும்போது நடுப்படலம் விரைந்தும், தட்டையொட்டிய படலம் மெல்லவும் செல்லும். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு விசையைச் செலுத்தித் துகள்களை ஒரு சுவரின் பக்கம் ஒதுக்க வேண்டும். வெப்பத்தையே அவ்விசையாகக் கொண்ட முதற்சோதனை அடுத்த ஆண்டே நடந்தது. 1976இல் கிடிங்ஸும் உடன் பணிபுரிந்தோரும் நீரையே குறுக்கு விசையாக ஆக்கினர். அடித்தளத்தில் மெல்லிய சவ்வு. அதன் வழியே நீர் கசிந்து வெளியேறும், துகள்கள் வெளியேற மாட்டா. இதனை நாம் குறுக்கோட்டப் பகுப்பு என்று வழங்கலாம். 1987இல் சுவீடன் நாட்டு வாலுண்டும் கிடிங்ஸும் மேல்தட்டைக் கசியாத தட்டாக்கி, அடிச்சவ்வை மட்டும் வைத்து எளிமைப்படுத்திய அமைப்பே இன்று பெருவழக்காயுள்ளது.

அதன் செயலைக் கூர்ந்து நோக்குவோம். குறுக்கோட்டம் எல்லாத் துகள்களையும் சவ்வின் பக்கம் தள்ளுகிறது. முன்னே பகைவனாக நின்ற அலைச்சல், இங்கே நண்பனாகிறது. சிறு துகள் மிகுதியாக அலைவதால் சுவரைவிட்டுச் சற்று உயரமாக எழும்பி நிற்கிறது. பெருந்துகள் அவ்வளவாக அலையாமல் சுவரோடு ஒடுங்கிக் கிடக்கிறது. இந்த உயர வேறுபாடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆயினும் உயர நின்ற சிறு துகள் விரைந்த படலத்தில் ஏறி முதலில் வெளியேறுகிறது. பெரியது பின்னால் வருகிறது. விட்டம் இரட்டிப்பானால் வெளிவரும் நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்தே துகளின் அளவைக் கணக்கிடலாம். சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் திருகு வாய்க்காலில் கனத்த மணல் அடிப்படலத்தில் பின்தங்குகிறதே, அதே நியாயம் இங்கே ஆயிரம் மடங்கு நுண்மையாகத் தொழிற்படுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. துகள் ஒரு மைக்ரான் அளவைத் தாண்டினால் அலைச்சல் அற்பமாகிவிடும். அப்போது சுவரில் சாய்ந்து கிடக்கும் பெருந்துகளின் உடலே விரைந்த படலத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், பெரியது முதலிலும் சிறியது பின்னும் வரும், வரிசை தலைகீழாகும். மிகச் சிறிய துகளும் மிகப் பெரிய துகளும் ஒரே நேரத்தில் வெளிவந்து ஆராய்வோரை ஏமாற்றக்கூடும். அதனால் வாய்க்காலின் வாயிலில் ஒளிச்சிதறலால் அளவை நேரடியாகக் காணும் கருவியையும் பொருத்துகிறார்கள். எந்த முறமும் பிடிப்பவரின் அறிவுக்கு உட்பட்டதே.

இவ்வளவு நுண்ணிய பிரிப்பால் நமக்கென்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். கேரளத்தின் ரப்பர்ப் பாலில் மிதப்பவை மைக்ரான் அளவும் அதனினும் சிறியவுமான ரப்பர் மணிகள். இயற்கை ரப்பரில் கரையாத கூழ்ப்பகுதி நிரப்பிய குழாய்களை அடைத்துவிடுவதால், வெறும் வாய்க்கால் முறை அதன் ஆராய்ச்சிக்குத் துணையாகிறது. டைட்டானியச் சாயத்தின் வெண்மையும் மறைக்கும் ஆற்றலும் துகளின் அளவைப் பொறுத்தவை. கால் மைக்ரான் அளவில் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், கட்டிபட்டால் ஆற்றல் குன்றும். திட ராக்கெட் எரிபொருளைப் பிணைக்கும் பாலிபியூட்டாடயீனில் சங்கிலிகளின் நீளம் ஒழுங்காக இல்லையேல், வார்த்த பண்டம் இளகியோ நொறுங்கியோ போகும். ஆகவே சங்கிலிகளின் நீளப் பரவலை அளந்தறிவது அத்துறையின் அன்றாடக் கடமை. மருந்தை ஏந்திச் செல்லும் கொழுப்புக் குமிழிகள், தடுப்பூசிக்கான வைரஸ் துகள்கள், கட்டிபட்ட புரதங்கள் ஆகியவற்றையும் இம்முறையால் சிதையாமல் பிரித்து ஆராய்கின்றனர். ஊசியின் வழியே உடலில் செல்லும் மருந்தில் வேண்டாத கட்டிகள் உள்ளனவா என்பது உயிரைப் பற்றிய வினா அன்றோ?

பிரிப்பின் கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. மணலைப் பிரித்தால் எஞ்சும் மணல் எங்கே போகும், அமிலத்தால் பதப்படுத்தினால் எஞ்சும் அமிலநீர் எங்கே போகும் என்ற வினாக்களைக் கடற்கரை மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். சவறைக்கு வடக்கே காயலுக்கும் கடலுக்கும் இடையே நூல்போல் கிடக்கும் ஆலப்பாடு ஊரார், மணல் எடுப்பதால் தம் நிலம் கடலுக்கு இரையாகிறது என்று முறையிட்டு நடத்திய போராட்டம் 2019இல் நாடறிந்ததாயிற்று. கயிறு திரித்த பெண்கள் தூசியென்று தட்டியதில் செல்வம் இருந்தது; அச்செல்வத்தை எடுத்தவர்கள் தூசியென்று ஒதுக்கியதில் சிலருடைய வீடும் வலையும் இருந்தன. இரண்டையும் பிரித்தறியாதது ஒரே வகைக் குறைதான்.

கடல் தன் அலையால் பிரித்தது. மனிதன் மேசையாலும் காந்தத்தாலும் பிரித்தான். பின்னர் ஓட்டத்தைக் குறுக்கோட்டத்தால் கட்டுப்படுத்தி மூலக்கூறுகளையும் பிரித்தான். கருவிகள் மாறினும் அரிப்புக்காரரின் இலக்கணம் மாறவில்லை. நீரின் வேகம் எங்கே மெலிகிறது என்று அறிந்து, அங்கே எது தங்குகிறது என்று பொறுமையாகக் காத்திருப்பதே அந்த இலக்கணம். கருமணல் நம் கரையில் இன்னும் கிடக்கிறது. அதை அள்ளுவதற்கு யந்திரங்கள் ஏராளம். அதனைப் பிரிக்கவும், பிரித்ததை அளக்கவும், எஞ்சியதற்குப் பொறுப்பேற்கவும் வல்ல அறிவு நம் இளைஞரிடம் வளருமானால், அடுத்த ஷோம்பர்க் கயிற்றில் ஒட்டிய தூசியைத் தேடி அயல்நாட்டிலிருந்து வர வேண்டியதில்லை.